அறுபத்தைந்து வரை கலங்கக் கூடாது

பதினேழாம் எண் மெழுகைத் தோற்கடித்தபோது டிகிரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இது தேன்மெழுகா? கரண்ட் போனா ஏத்தி வச்சுக்கலாம், அதுக்குத்தான் லாயக்கு!"

"வாசனை நல்லாத்தான இருக்கு," என்றான் விசில். பக்கத்து மேஜைக்காரன். கை வேலை செய்யும்போது வாய் விசிலடிக்கும். அதனால் அந்தப் பெயர்.

"வாசனையில மயங்க நான் என்ன தேனீயா?"

டிகிரி என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு 'போதும்டா சாமி' என்று வந்துவிட்டவள். டீ வந்தால் கோப்பையைத் தொட்டுப் பார்த்து, "எழுபத்தஞ்சு இருக்கும், ஒரு பத்து இறங்கட்டும்" என்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்து, புள்ளிக்கு அப்புறம் உள்ள எண்ணையும் சேர்த்துச் சொல்வாள். ஊரே டிகிரி என்று கூப்பிட, கடைசியில் வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

தேன் வளர்ப்போர் சங்கத்துக் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டு ஜன்னலும் ஒரு தொட்டியும் உள்ள அறைதான் அவளுடைய சோதனைக்கூடம். உறுப்பினர்கள் கொண்டுவரும் மெழுகுக் கட்டிகளைச் சங்கம் வாங்கிக் களிம்பு செய்யும் ஆலைக்கு அனுப்பும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டியும் டிகிரியின் கையைத் தாண்டியாக வேண்டும். கட்டியின் மூலையில் கத்தியால் ஒரு சீவல். அதை உருக்கி, ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் நக நீளத்துக்கு உறிஞ்சி, ஒரு நாள் குளிரில் வைத்துவிடுவாள். மறுநாள் குழாயை வெப்பமானியோடு சேர்த்துக் கட்டித் தண்ணீரில் இறக்கி, அடுப்பைச் சின்னதாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுவாள். குழாயில் இருக்கும் மெழுகு கண்ணாடிபோலத் தெளிந்து எந்த நொடியில் மேலே வழுக்கி ஏறுகிறதோ, அந்த எண்தான் தீர்ப்பு. அறுபத்திரண்டுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஏறினால் நல்ல தேன்மெழுகு.

அது போதாதென்று ஒரு இயந்திரமும் உண்டு. சட்டைப் பொத்தான் அளவுத் தட்டில் ஒரு துணுக்கு மெழுகை வைத்தால், அது உருக உருக எவ்வளவு சூட்டை விழுங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும். கோடு மலை மாதிரி வரும். சுத்த மெழுகுக்கு ஒரே பெரிய மலை. கலப்படம் இருந்தால் மலைக்கு முன்னாலேயே ஒரு மண்மேடு முளைக்கும்.

பதினேழு குழாயில் ஐம்பத்தொன்பதிலேயே ஏறிவிட்டது. இயந்திரத்தில் மண்மேடு என்ன, குட்டி மலையே நின்றது. டிகிரி 'தேறவில்லை' என்ற முத்திரையை ஓங்கிக் குத்திக் கையெழுத்துப் போட்டாள். கட்டிகளில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. யாருடையது என்று சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பான மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெரும்பசி. அண்ணனின் தச்சுப் பட்டறையைத் தாண்டினால் அடுக்களை, அடுக்களையைத் தாண்டினால் சரிவில் அண்ணியின் தேன்பெட்டிகள், எண்ணி முப்பத்தாறு. அண்ணி அடுப்படியில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். டிகிரி மேஜையில் உட்கார்ந்தாள். அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் ரொட்டி இல்லை, கிழங்கு இல்லை. நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது.

"சாப்பிடுங்க, ஆபீசரம்மா."

டிகிரி பிரித்தாள். எண் பதினேழு. தேறவில்லை. கீழே அவளுடைய சொந்தக் கையெழுத்து, வாலைச் சுழற்றிக்கொண்டு.

"அண்ணி... இது உங்களுதா?"

"என்னுதுதான். கையெழுத்து உங்களுதுதான?"

"எனக்குத் தெரியாதே அண்ணி! நம்பர்தான் இருக்கும்."

"தெரிஞ்சிருந்தா பாஸ் போட்டிருப்பீங்களா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்பு. டிகிரி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். வாசலில் நின்ற அண்ணன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்து மறுபடி காதிலேயே சொருகினான்.

அண்ணிக்கு வலித்த இடம் வேறு. சங்கத்தின் போன கூட்டத்தில் கலப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாற்காலியில் ஏறி நின்றவள் அவள்தான். ஒரே பருவத்தில் இரண்டு தடவை தேறாத ஆளை ஒரு வருடம் பட்டியலை விட்டுத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னார்கள். "ஒரு வருஷமா? பல்லு விளக்குற நேரத்துல போயிரும்! மூணு வருஷம் போடுங்க. கலப்படம் பண்றவன் மூணு வருஷம் தேனீ மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது!" என்று கத்தினாள். கை தட்டினார்கள். மூன்று வருடம் என்று எழுதியும் விட்டார்கள். இப்போது முதல் தடவை ஆகிவிட்டது. அதே கட்டிகளுக்கு மறுசோதனை திங்கட்கிழமை. அதிலும் தேறாவிட்டால் அவள் போட்ட மூன்று வருடம் அவள் தலையிலேயே வந்து உட்காரும். அந்த முப்பத்தாறும் மூன்று பெட்டியில் தொடங்கி ஒன்று ஒன்றாகப் பெருக்கியவை. கூட்டத்தில் கை தட்டியவர்கள் சிரிப்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு எரிந்தது.

அண்ணி கோபம் வந்தால் கத்த மாட்டாள். பேசுவாள், ஆனால் ஆளிடம் பேச மாட்டாள். "ஏ அடுப்பே, நீயாவது எரியுறியே, நல்லாயிரு. சில பேர் எரிய வச்சுட்டுப் போயிர்றாங்க." அடுத்த நாள் வாளியிடம்: "வாளி, உன்னைய நம்பித் தண்ணி மொள்ளலாம். கட்டுனவன் தங்கச்சிய நம்ப முடியாது." டிகிரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் உப்புக் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பெட்டியைத் திறக்க முடியாது, பட்டறையில் மரமெல்லாம் ஈரம். மூன்று பேரும் அடுக்களையில் மாட்டிக்கொண்டார்கள். டிகிரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து மேஜையில் போட்டாள்.

"அண்ணி, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா குழாய் பொய் சொல்லாது. எங்கயோ, எப்படியோ உள்ள நுழைஞ்சிருக்கு. ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

"அடுப்பே, போலீசு வந்திருக்கு."

"அண்ணி!"

"சரி, கேளு." மூன்று நாளில் முதல் தடவையாக அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடையில இருந்து தேன் எடுத்தாச்சு. அப்புறம்?"

"அடைய ரெண்டு தண்ணியில அலசுனேன். பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி, மெழுகப் போட்டு, சின்னத் தீ."

"பாத்திரத்துல முன்னாடி எதாவது உருக்குனீங்களா?"

"அது மெழுகுப் பாத்திரம். அதுல வெந்நி கூட வைக்க விடமாட்டேன்."

"அடித்தகடு? பெட்டியில தேனீ கட்டுறதுக்குப் பிடிப்பா வைப்பீங்களே, அது கடையில வாங்குனதா?"

"நானே அச்சுல போட்டது. நம்ம மெழுகு."

"வடிகட்டுன துணி?"

"புதுத் துணி. உங்கண்ணன் வேட்டிய கிழிக்கலாம்னு பாத்தேன், அவர் அழுதுட்டாரு."

"நான் எங்க அழுதேன்?" என்றான் அண்ணன்.

"அப்புறம் அச்சுப் பெட்டியில ஊத்துனேன். நாலு பெட்டி. உங்கண்ணன் செஞ்சு குடுத்த மரப்பெட்டி. ஊத்தி, மூடி, மெதுவா ஆறணும்னு கம்பளி போத்தி வச்சேன். அவ்ளோதான்."

டிகிரி பென்சிலைக் கடித்தாள். ஒரு ஓட்டையும் இல்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டி புதுசு. மரத்துல எதாவது வார்னிஷ், எண்ணெய்..."

"எதுவும் அடிக்கலப்பா," என்றான் அண்ணன் பெருமையாக. "வெறும் மரம். உங்கண்ணி சொன்ன மாதிரி நல்லா மெழுகி மட்டும் வச்சேன்."

"எதால?"

"என்ன எதால?"

"எதால மெழுகுன?"

"மெழுகாலதான். மெழுகாலதான மெழுகுவாங்க?"

டிகிரியின் பென்சில் நின்றது.

"எந்த மெழுகு அண்ணே?"

"அட, மெழுகுவர்த்திதான். நம்ம மேஜை இழுப்பறைக்கெல்லாம் தேய்க்கிறது. பெட்டிக்கு வெறுமனே தேய்ச்சாப் பத்தாதுன்னு உருக்கி, பிரஷ்ஷால ரெண்டு கோட்டு அடிச்சேன். ஒட்டாம வரணும்ல? மூலையில எல்லாம் நல்லா தாராளமா!"

அண்ணி எழுந்து நின்றாள். கையில் கரண்டி.

"நான் என்ன சொன்னேன்?"

"பெட்டிய நல்லா மெழுகி வைங்கன்னு சொன்ன."

"சோப்புத் தண்ணியால மெழுகுறது! துணியில தொட்டு! எங்க வீட்ல துடைக்கிறதுக்கே மெழுகுறதுன்னுதான சொல்லுவோம்? தினமும் மேஜைய மெழுகுங்கன்னு சொல்றேனே, நீங்க என்ன பண்றீங்க?"

"மேஜைக்கும் மெழுகுதான் போடுறேன். அதான் பளபளன்னு இருக்கு."

அண்ணி மேஜையைப் பார்த்தாள். உள்ளபடியே பளபளவென்றுதான் இருந்தது. ஒன்பது வருடமாக ஊரில் யார் வந்தாலும் அந்த மேஜையைப் பாராட்டுவார்கள். அவள் தன் துணிக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அண்ணி கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, தச்சன் கிட்டப் போயி மெழுகுன்னு சொன்னேனே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டிகிரிக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அண்ணன் மட்டும், "இதுல என்ன இருக்கு? மரப்பெட்டின்னா வேற எப்படி மெழுகுறது?" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கும்போதுதான் டிகிரிக்கு உறைத்தது.

"அண்ணி, ஊத்தும்போது மெழுகு என்ன சூடு?"

"நல்ல சூடுதான். தண்ணியா ஓடுச்சு."

"எழுபத்தஞ்சு, எண்பது இருக்கும். மெழுகுவர்த்தி அம்பத்தஞ்சுலயே உருகிரும். நீங்க ஊத்துன உடனே பூச்சு உருகி உள்ள ஓடியிருக்கும். நான் சீவுனது மூலையில. அங்க கலப்படம் இருக்கறது சரி. ஆனா எவ்ளோ தூரம் உள்ள போயிருக்கு? ஒரு விரக்கடையா? நடுவரைக்குமா? மெழுகோட மெழுகு சேர்ந்துட்டா சம்பந்தி வீட்டுக் கூட்டம் மாதிரி, யாரு எந்த வீடுன்னு பிரிக்க முடியாது அண்ணி."

அண்ணி மெதுவாக எழுந்தாள். "அப்ப நான் கலப்படக்காரிதான்."

"வேணும்னு பண்ணலயே."

"வேணும்னு பண்ணாத்தான் மூணு வருஷம்னு நான் சொல்லலயே. நாற்காலி மேல ஏறி நின்னு சொன்னேன், ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம்."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. புது மெழுகு ரெண்டு கட்டி அலமாரியில இருக்கு. டிகிரி தினமும் அந்த ரூமுக்குள்ளதான போறா? சாவி அவ கிட்டதான இருக்கு? சும்மா ஒரு கட்டிய..."

"வாய மூடுங்க!" அண்ணியின் குரலில் கூரைச் சத்தமே அடங்கியதுபோல இருந்தது. "அவ போட்ட கையெழுத்து எனக்கு ஆகலைன்னு மூணு நாளா அடுப்புகிட்டப் பேசிட்டு இருக்கேன். ஆனா அது பொய்க் கையெழுத்து இல்லைன்னு எனக்குத் தெரியும். அதக் கெடுக்கறதுக்கு நீங்க யாரு?"

டிகிரி நோட்டை மூடினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "கிழங்கு இருக்கா அண்ணி?" என்றுதான் வாயில் வந்தது.

"இருக்கு. சூடு பண்ணித் தரேன். எத்தனை டிகிரின்னு கேட்ட, கரண்டிதான்."

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததும் மேடம் டிகிரியிடம், "நீ சொந்தக்காரி. கைய பின்னாடி கட்டிட்டு நில்லு. எதையும் தொடக் கூடாது, மூச்சும் கொஞ்சம் தள்ளி விடு," என்றாள். மேடம் சிரிக்கும்போதும் புருவம் இறங்காது. அதனால் எது கேலி, எது கட்டளை என்று யாருக்கும் புரியாது.

அண்ணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் நடுநடுவே, "ரெண்டு கோட்டு மேடம்," என்று திருத்தம் சொன்னான். விசில் விசிலடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் குலுங்கினான்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு. ஆனா குடுவைக்குக் காது கிடையாது," என்றாள். "கட்டியோட நடுவுல இருந்து எடுப்போம். நடு சுத்தமா இருந்தா, மேல ரெண்டு விரல் சீவிட்டு மிச்சத்த எடுத்துக்கறோம். நடுவுலயும் இருந்தா நீங்க போட்ட விதிதான், மூணு வருஷம். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் அண்ணி.

நாலு கட்டிகளும் மேஜையில் வரிசையாக இருந்தன. அண்ணன் அவற்றை உற்றுப் பார்த்து, "மேடம், அந்த ரெண்டாவது மட்டும் வேணாம். அந்தப் பெட்டியில கொஞ்சம் தாராளமா அடிச்சிட்டேன்," என்றான்.

"விசில், ரெண்டாவத எடு," என்றாள் மேடம்.

அண்ணி புருஷனைப் பார்த்த பார்வையில் ஐம்பத்தைந்து டிகிரி மெழுகு என்ன, இரும்பே உருகியிருக்கும்.

விசில் துளைக்கருவியைக் கட்டியின் நடுவில் வைத்து இறக்கினான். முதலில் வந்த துருவலைத் தள்ளிவிட்டு, ஆழத்திலிருந்து வந்ததை மட்டும் மூன்று கிராம் நிறுத்துக் குடுவையில் போட்டான். சாராயத்தில் கரைத்த காரத்தை ஊற்றி, ஆவி வெளியே போகாமல் திரும்பி விழும்படி மேலே நீளக் குழாயைச் செருகி, அடுப்பில் ஏற்றினான். இரண்டு மணி நேரம் கொதிக்க வேண்டும்.

"இது என்ன பண்ணும்?" என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

"தேன்மெழுகு காரத்தோட கொதிச்சா சோப்பாகிக் கரைஞ்சிரும்," என்றாள் டிகிரி. கைகள் பின்னால் இருந்ததால் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "மெழுகுவர்த்தி இருக்கே, அது எவ்ளோ கொதிச்சாலும் கரையாது. சூட்டுல கமுக்கமா இருக்கும். இறக்கி ஆற விட்டா வெளிய வந்து குடுவையே கலங்கிரும். அறுபத்தஞ்சு வரைக்கும் கலங்காம இருந்தா சுத்தம். கொஞ்சூண்டு கலந்தாலும் முன்னாடியே காட்டிக் குடுத்துரும்."

"ஆக, சோப்பு இங்கயும் வந்துருச்சு," என்றாள் அண்ணி. "சோப்புத் தண்ணின்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ சொல்லல. மெழுகுன்னுதான் சொன்ன," என்றான் அண்ணன்.

"சங்கத்துல வேணாம், வீட்டுக்கு வாங்க."

இரண்டு மணி நேரம் பெரிய நேரம். அண்ணி கொண்டுவந்திருந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள். மேடம் வாங்க மாட்டாள் என்று நினைத்தார்கள். இரண்டு முட்டை சாப்பிட்டாள். "இதுக்காக அறுபத்தாற அறுபத்தஞ்சுன்னு எழுத மாட்டேன்," என்றாள். ஜன்னல் கதவு ஆடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல் அண்ணன் எழுந்து போய்க் கீலைச் சரிசெய்தான். "அதுக்கு மெழுகு போடட்டுமா?" என்று கேட்கப் போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

விசில் குடுவையை இறக்கி, வெப்பமானியைச் செருகி, எண்பது டிகிரி வெந்நீரில் வைத்தான். ஆட்டிக்கொண்டே ஆற விட வேண்டும். அவன் வாயில் விசில் இல்லை. அறையில் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும்.

"எழுபத்தாறு. தெளிவு."

குடுவைக்குள் இளமஞ்சளாக, ஜன்னல் கம்பி அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. அண்ணி கையைக் கட்டிக்கொண்டாள்.

"எழுபத்திரெண்டு. தெளிவு."

"எழுபது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். "என்ன ஆச்சு? சொல்லுங்க, நான் பாக்கல."

"அறுபத்தொம்போது. தெளிவு."

அறுபத்தெட்டில் ஓரத்தில் ஒரு பால்நிற நிழல் ஓடியதுபோல இருந்தது. டிகிரியின் கை பின்னாலிருந்து தானாக முன்னால் வந்தது. மேடம் திரும்பிப் பார்க்காமலேயே "கை" என்றாள். கை பின்னால் போய்விட்டது. விசில் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவனுடைய கட்டைவிரல் ரேகைதான் கண்ணாடியில் படிந்திருந்தது. துடைத்தான்.

"அறுபத்தேழு. தெளிவு. அறுபத்தாறு... தெளிவு."

இந்த அறையில் டிகிரி நூறு குடுவைகளை இறக்கியிருக்கிறாள். ஒரு டிகிரி இறங்க இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அறுபத்தஞ்சு," என்றான் விசில். ஜன்னல் கம்பி குடுவைக்குள் நேராக நின்றது. "தெளிவு மேடம்."

மேடம் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தடவை பார்த்தாள். "தேறிருச்சு. ரெண்டு விரல் சீவிட்டு எடுத்துக்கலாம். வைப்பா குடுவைய."

"வைக்காதீங்க!" என்றாள் அண்ணி. "எப்பத்தான் கலங்குதுன்னு நான் பாக்கணும்."

"தேவையில்லம்மா. அறுபத்தஞ்சு தாண்டியாச்சு."

"இருக்கட்டும் மேடம். அது இஷ்டத்துக்கு எப்பக் கலங்குதோ, அது வரைக்கும்."

விசில் மேடத்தைப் பார்த்தான். மேடத்தின் புருவம் அசையவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடி தண்ணீர் அலம்பியது. அறுபத்து நாலு. அறுபத்து மூன்று. அண்ணன் இப்போது இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்திருந்தான். அப்புறம் குடுவையின் நடுவில் மெல்ல ஒரு புகை எழுந்தது, சுழன்றது, ஒரு நொடியில் எல்லாம் வெள்ளை வெளேரென்று பால்போல ஆகிவிட்டது. ஜன்னல் கம்பி மறைந்தது.

விசில் நோட்டை டிகிரி பக்கம் சாய்த்தான். "கலங்குன டிகிரி என்னன்னு எழுதறது? சும்மா சொல்லு, தொடத்தான கூடாது."

"குடுவை அறுபத்திரெண்டு," என்றாள் டிகிரி.

அண்ணன் மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண்ணீரை இஷ்டத்துக்கு வழிய விட்டுக்கொண்டு, துடைக்கவும் மறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ அறுபத்தஞ்சுலயே," என்றான்.